‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ ப்ளூரே: 2009 டிஸ்க்கா, 2012 டிஸ்க்கா?

சோடியம்விளக்கு:
வணக்கம். வில்லியம் ஃப்ரீட்கினின் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) ப்ளூரேயில் வாங்கலாம் என்று பார்க்கிறேன். பழைய டிஸ்க் விற்கும் கடை ஒன்றில் இரண்டு பதிப்பு இருக்கிறது, ஒன்று 2009, இன்னொன்று 2012. 2009 பாதி விலைதான். படம் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் கடைக்காரர் “கலர் வேற சார்” என்கிறார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. நான் இந்தப் படத்தை மடிக்கணினியில் ஒரு மங்கலான பிரதியில் பார்த்ததோடு சரி. எதை வாங்கலாம்?

பகல்காட்சி:
2012. இழையைப் பூட்டிவிடலாம்.

ரீல்பெட்டி:
பகல்காட்சி அக்கா பூட்டச் சொன்னாலும் அந்தக் “கலர் வேற” என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. சுருக்கிச் சொல்லப் பார்க்கிறேன்.

படம் எடுத்தது 1970 கடைசியிலும் 1971 தொடக்கத்திலும், நியூயார்க் குளிர்காலத்தில். ஒளிப்பதிவு ஓவன் ராய்ஸ்மன். விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். பெரிய படம் என்றால் அவருக்கு இதுதான் முதல். ஏறக்குறைய எல்லாமே நிஜ இடங்கள். அன்றைக்குக் கையில் இருந்த ஈஸ்ட்மன் 5254 ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன், வெறும் 100 ஏஎஸ்ஏ. சாராயக் கடை, சுரங்க ரயில் நிலையம், இரவுத் தெரு எல்லாவற்றையும் அதில்தான் எடுத்தாக வேண்டும். போதாத வெளிச்சத்தை லேபில் டெவலப் செய்யும்போது ஏற்றி ஈடுகட்டினார்கள். அப்படி ஏற்றினால் கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடியான துகள்) கூடும், கறுப்பு லேசாகச் சாம்பல் பூக்கும், வண்ணம் அடங்கிப்போகும். இந்தப் படத்தின் அழுக்கே அங்கிருந்துதான் வருகிறது. போதைக் கடத்தல் தலைவனாக வரும் ஃபெர்னாண்டோ ரே உணவகத்துக்குள் நிதானமாக ஒவ்வொரு வகையாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரைக் கண்காணிக்கும் துப்பறிவாளராக வரும் ஜீன் ஹேக்மன் எதிர்ப்பக்க நடைபாதையில் விறைத்துப்போய் நின்று பீட்சாவைக் கடிப்பார், காபியை வாயில் வைத்துவிட்டுத் தெருவில் கொட்டுவார். அந்தக் குளிரை நமக்குக் காட்டுவது வண்ணம்தான். ஈயம் மாதிரி வானம், செத்துப்போன பழுப்புச் சுவர்.

2009-ல் படத்தின் ஸ்டூடியோவான ஃபாக்ஸ் முதல் ப்ளூரேயைக் கொண்டுவந்தபோது, ஃப்ரீட்கின் உட்கார்ந்து வண்ணத்தைப் புதிதாக அமைத்தார். படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டார். பிறகு அதே காட்சியின் வண்ணத்தைத் தனியாக எடுத்து, மிகையாக ஏற்றி, விளிம்பே தெரியாதபடி மங்கலாக்கி, கறுப்பு வெள்ளையின் மேல் படரவிட்டார். அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்துக்கு ஸ்டூடியோக்காரர் கையால் கன்னத்துக்கு ரோஸ் பூசிக் கொடுப்பாரே, ஏறக்குறைய அதுதான். வெள்ளை எரிகிறது, கறுப்பு அடைத்துக்கொள்கிறது, கிரெய்ன் மணல் மணலாகத் துருத்துகிறது, சிவப்பும் நீலமும் பொருளின் எல்லையைத் தாண்டிக் கசிகின்றன.

ராய்ஸ்மன் கொதித்துப்போனார். ஒரு நேர்காணலில் இதைப் படுமோசம் என்றார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பில்லி (ஃப்ரீட்கின்) என்ன நினைத்துச் செய்தான் என்றே புரியவில்லை, இந்த டிஸ்க்குக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற அளவுக்குப் போனார். தன் இயக்குநரைப் பற்றி ஓர் ஒளிப்பதிவாளர் பொதுவெளியில் இப்படிப் பேசுவது அபூர்வம். அதிலும் ‘தி எக்ஸார்சிஸ்ட்’டையும் இந்த இருவரும் சேர்ந்து செய்தவர்கள்.

2012-ல் மறுபடி ஒரு பதிப்பு. இந்த முறை ஃப்ரீட்கினும் ராய்ஸ்மனும் சேர்ந்து வண்ணம் பார்த்தார்கள். அட்டையில் ‘ஃபிலிம்மேக்கர்ஸ் சிக்னேச்சர் சீரிஸ்’ என்று இருக்கும். அதை வாங்குங்கள்.

மூன்றாம்வரிசை:
எல்லோரும் ஒரே பக்கம் நின்று கல்லெறிகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் வருகிறேன்.

படம் இயக்குநருடையது. 1971-ல் அவர் மனதில் இருந்ததற்கும் அன்றைக்குப் பணமும் ஃபிலிமும் கொடுத்ததற்கும் இடையில் தூரம் இருக்கலாம். பிறகு கருவி கைக்கு வந்தபோது அந்தத் தூரத்தைக் குறைக்கப் பார்த்தார். இதில் என்ன குற்றம்? அவர் தொலைக்காட்சி ஆவணப்படத்திலிருந்து வந்தவர். செய்திப்படத்தின் கறுப்பு வெள்ளை முரட்டுத்தனம் அவர் ரத்தத்தில் ஊறியது. 2009 டிஸ்க்கில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. எனக்கு அந்த டிஸ்க் பிடிக்கும். குறிப்பாக பிரான்ஸின் மார்செய் நகரக் காட்சிகள்.

இன்னொன்று. இந்தப் படத்தில் நாம் கொண்டாடுகிற எல்லாமே ஃப்ரீட்கினின் பிடிவாதமும் விபத்தும்தான். ஃபெர்னாண்டோ ரேயை அவர் கேட்கவே இல்லை. பூனுவெலின் ‘பெல் து ழூர்’ படத்தில் பார்த்த பிரான்சிஸ்கோ ரபாலைத்தான் மனதில் வைத்திருந்தார். நடிகரைப் பிடிக்கப் போனவர் பெயரைக் குழப்பிக்கொண்டு ரேயை வரவழைத்துவிட்டார். போதைக் கடத்தல் தலைவன் ஆட்டுத்தாடியும் குடையுமாக ஒரு கனவானாக வந்து நின்றது அப்படித்தான். ப்ரூக்ளினில் உயரப் பாலத்தில் ரயில் ஓட, கீழே போன்டியாக் கார் துரத்துகிற காட்சியில் ஒரு வெள்ளைக் காரோடு மோதல் வருமே, அது திட்டத்தில் இல்லாதது. அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். பின்னிருக்கையில் கேமராவைப் பிடித்து உட்கார்ந்தவரும் அவரேதான், மற்றவர்களுக்கெல்லாம் குடும்பம் குட்டி இருக்கிறது என்று. அன்றைக்கு அவர் இஷ்டத்துக்குச் செய்ததற்கு ஐந்து ஆஸ்கர், 2009-ல் இஷ்டத்துக்குச் செய்தால் வசவு. இது என்ன நியாயம்?

ரீல்பெட்டி:
மூன்றாம்வரிசை, நீங்கள் சொன்ன விபத்துகள் எல்லாம் 1971-ல், மொத்தக் குழுவும் கூட இருந்தபோது நடந்தவை. ரே வந்து இறங்கியபோது ராய்ஸ்மன் அவருக்கு விளக்கு வைத்தார். கார் மோதியதை ஜெரி கிரீன்பர்க் வெட்டி ஒட்டினார், அந்த எடிட்டிங்குக்கும் ஆஸ்கர். 2009-ல் அந்த அறையில் ராய்ஸ்மன் இல்லை. உயிரோடுதான் இருந்தார், தொலைபேசி எண்ணும் மாறியிருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தன் செய்முறைக்கு முன்னோடி என்று ஃப்ரீட்கின் சொன்னது ஜான் ஹூஸ்டனின் ‘மோபி டிக்’ (1956) படத்தை. அதில் ஓஸ்வால்ட் மாரிஸ் டெக்னிகலர் வண்ணத்தோடு ஒரு கறுப்பு வெள்ளைச் சாயலையும் சேர்த்து அச்சடித்து, பழைய திமிங்கில வேட்டைச் சித்திரங்கள் போல வண்ணத்தைத் தணித்தார். சரி. ‘ஃபிரெஞ்ச் கனெக்‌ஷ’னுக்காக ராய்ஸ்மன் ஒளிப்பதிவு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டாரே, அந்த வருஷம் அவரை முந்தி விருதை வாங்கியது யார் தெரியுமா? ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ படத்துக்காக அதே ஓஸ்வால்ட் மாரிஸ். தன்னைத் தோற்கடித்தவரின் உத்தியைத் தன் படத்தின் மேலேயே பூசினால் மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஹூஸ்டனும் மாரிஸும் அதைச் சேர்ந்து, முன்கூட்டியே சோதனை செய்து, அந்தப் படத்துக்கென்றே திட்டமிட்டுச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பகல்காட்சி:
ஓஸ்வால்ட் மாரிஸ் விஷயம் தெரியாது. இதற்காகவே பூட்டாமல் விட்டது நல்லது.

கலர்பார்:
வண்ணத் திருத்தம் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் பட்டறைப் பேச்சு.

ஃப்ரீட்கின் செய்தது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை, அதற்கு ஓர் அடிப்படை உண்டு. நம் கண் நுணுக்கத்தை வெளிச்ச வேறுபாட்டில்தான் பிடிக்கிறது, வண்ண வேறுபாட்டில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் எந்த ப்ளூரேயிலும் வண்ணத் தகவல் முழுசாக இருக்காது. வெளிச்சத்துக்கு 1920க்கு 1080 புள்ளி என்றால் வண்ணத்துக்கு 960க்கு 540, அதாவது கால்வாசி. யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் தெரிவதில்லை. கறுப்பு வெள்ளை கூர்மையாக இருந்தால் போதும், வண்ணம் தோராயமாக மேலே உட்கார்ந்தால் மூளை மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு அது.

அவர் அந்தக் கணக்கை எல்லை தாண்டி இழுத்துவிட்டார். வண்ணத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மங்கலாக்கியதோடு நிற்காமல் கறுப்பு வெள்ளையின் கான்ட்ராஸ்டையும் முறுக்கினார். 5254 ஃபிலிமில் ஏற்றி டெவலப் செய்த நெகட்டிவில் நிழல் பகுதியில் ஏற்கெனவே விவரம் குறைச்சல். அங்கே முறுக்கினால் மிச்சமிருப்பதும் போய்விடும், கிரெய்ன் மட்டும் எகிறும். ராய்ஸ்மனுக்கு வலித்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒளிப்பதிவாளர் ராத்திரியெல்லாம் நின்று காப்பாற்றுவது அந்த நிழலைத்தான்.

2009 டிஸ்க்கைத் தொலைக்காட்சியின் வண்ணத்தைச் சுழியமாக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு குற்றப்படமாக அது அட்டகாசமாக இருக்கிறது. ஃப்ரீட்கினின் ஆசை அதுவாகவே இருந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாம்வரிசை:
கலர்பார் என் கட்சிக்கு வந்துவிட்டார்.

கலர்பார்:
இல்லை சார், கட்டணம் கொடுத்தால் யார் கட்சிக்கும் வருவேன் :)

சோடியம்விளக்கு:
இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்படியென்றால் 2009 டிஸ்க்கை ஏன் இன்னும் விற்கிறார்கள்? திரும்பப் பெறவில்லையா?

ரீல்பெட்டி:
பழைய கடையில் வருவதெல்லாம் யாரோ விற்றது. இவ்வளவு திட்டு வாங்கிய டிஸ்க் என்றால் விற்பவர்களும் அதிகம், அதுதான் பாதி விலைக்குக் காரணமாக இருக்கும். ஆண்டை மட்டும் நம்பாதீர்கள், அட்டையையும் பாருங்கள். பின்னட்டையில் மண்டலக் குறி இருக்கும். இந்தியா, இலங்கைக்கு சி. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஏ. ஐரோப்பா பி. உங்கள் பிளேயர் எதைப் படிக்கும் என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.

வடலி:
டொராண்டோவிலிருந்து. இந்த இழையில் ஒருத்தரும் 2023-ஐத் தொடவில்லை, அதனால் கேட்கிறேன். வண்ணச் சண்டையை விடுங்கோ, படத்திலிருந்து ஒரு துண்டையே வெட்டினார்களே?

தெரியாதவர்களுக்கு: படத் தொடக்கத்தில் ஹேக்மனின் கூட்டாளியாக வரும் ராய் ஷைடரின் கையில் கத்திக்குத்து விழும். காவல் நிலையத்துக்கு வந்தபிறகு ஹேக்மன் நடித்த டாயில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசையைச் சொல்வான், அவர்களை நம்பாதே என்று. வெள்ளைக்காரனாகவும் இருந்திருக்கலாமே என்பார் ஷைடர். யாரையுமே நம்பாதே என்று முடிப்பான். 2023-ல் கிரைட்டீரியன் சேனல் என்ற இணையச் சேவையில் பார்த்தவர்கள் அந்த இடத்தில் ஆறு செகண்ட் அளவுக்குக் காட்சி தாவுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிளில் வாங்கிய பிரதியும் அப்படியே, டிசிஎம் தொலைக்காட்சியில் போட்டதும் அப்படியே. 2019-லிருந்து ஃபாக்ஸ் படங்கள் டிஸ்னி கையில். அறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவனின் பிரதியும் வெட்டுப்பட்ட பிரதியாகிவிட்டது.

உங்கள் 2009, 2012 இரண்டு டிஸ்க்கிலும் அந்தக் காட்சி முழுசாக இருக்கிறது. என்னைக் கேட்டால் தம்பி, எந்தக் கலர் என்பது இரண்டாவது. முதலில் டிஸ்க் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கோ.

பகல்காட்சி:
வடலி அண்ணா சொன்ன காட்சியை வெட்டினால் படத்தின் முதுகெலும்பே வளைகிறது. டாயில் நல்லவன் இல்லை. இனவெறியன், முரடன், தன் மூக்கு சொன்னதைத் தவிர வேறெதையும் நம்பாதவன். இதை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டுத்தான் அவனோடு நம்மை ஓடவிடுகிறார்கள். ரயில் துரத்தலில் நாமும் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பக்கம் நிற்கிறோம், பிறகு கடைசியில் (பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டுங்கள்) சக அதிகாரியையே சுட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இருட்டுக்குள் போகிறான். ரே நடித்த ஷார்னியே தப்பிவிடுகிறான். அந்த முடிவு அதிர்ச்சியாக இருந்தாலும் நியாயமாகப் படுவதற்குக் காரணம் அந்த ஆறு செகண்ட் போன்ற இடங்கள். அதை வெட்டிவிட்டு டாயிலைச் சுத்தமாக்கினால் மிஞ்சுவது ஒரு சாதாரண போலீஸ் நாயகன்.

இவர்கள் கற்பனையும் இல்லை. எடி ஈகன், சன்னி குரோஸோ என்ற நிஜத் துப்பறிவாளர்களை வைத்து எழுதியது. அந்த இருவரும் படத்திலேயே சின்ன வேஷங்களில் வருகிறார்கள். டாயிலின் மேலதிகாரியாக வந்து அவனைக் கடிந்துகொள்கிறவர்தான் நிஜ டாயில்!

கலர்பார்:
மூன்றாம்வரிசை சாருக்கு ஒரு கேள்வி. படம் இயக்குநருடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றீர்கள். ஒரு பேச்சுக்கு, அந்த வெட்டை ஃப்ரீட்கினே ஒப்புக்கொண்டிருந்தால்? அப்போதும் அவர் உரிமை என்பீர்களா?

மூன்றாம்வரிசை:
நல்ல இடத்தில் கொக்கி போடுகிறீர்கள். யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

உரிமை என்றே சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். 2009 டிஸ்க்கை எவ்வளவு திட்டினாலும், அதில் ஃப்ரீட்கின் தானே உட்கார்ந்து எப்படி வண்ணத்தை மாற்றினேன் என்று விளக்குகிற சிறு படம் இருக்கிறது. வாங்கியவனுக்கு முன்னாலேயே வைத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் நீங்கள் எல்லாம் இவ்வளவு விவரமாகத் திட்டுகிறீர்கள். ராய்ஸ்மனுக்கும் திட்ட ஒரு பொருள் கையில் இருந்தது. 2023-ல் நடந்தது அப்படி இல்லை. ஏதோ ஒரு சர்வரில் ஒரு கோப்பு மாறியது, பழைய கோப்பு போய்விட்டது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

வண்ண விஷயத்தில் மட்டும் என் நிலை அப்படியே நிற்கிறது.

ரீல்பெட்டி:
அது போதும், இந்த மன்றத்தில் இதைவிடப் பெரிய சமாதானம் நடந்ததில்லை.

2009 டிஸ்க் போல வேறு வழக்குகளும் உண்டு. ‘தி லாஸ்ட் எம்பரர்’ படத்தை விட்டோரியோ ஸ்டொராரோ 2:1 அகல-உயர விகிதத்துக்கு வெட்டியபோது மாற்றியவர் ஒளிப்பதிவாளர், திட்டியவர்கள் ரசிகர்கள். வோங் கார்-வாய் தன் பழைய படங்களின் வண்ணத்தை 2021 தொகுப்புக்காக மாற்றியபோதும் இதே பஞ்சாயத்துதான். இங்கே மட்டும்தான் மாற்றியவரே திரும்பி வந்து, கோபித்துக்கொண்டவரோடு உட்கார்ந்து மறுபடி செய்தார். இருவரும் 2023-லேயே போய்விட்டார்கள். ராய்ஸ்மன் ஜனவரியில், ஃப்ரீட்கின் ஆகஸ்டில். இனி யார் 4கே பதிப்பு செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து “இந்தச் சுவர் இவ்வளவு நீலமாக இருக்காதே” என்று சொல்ல அவர்கள் இல்லை. 2012 டிஸ்க்கைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வடலி:
கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கோ. காரைப் பிரித்துப் பிரித்துத் தேடுகிற காட்சி எனக்கு ரயில் துரத்தலை விடப் பிடிக்கும். கார் இருக்க வேண்டிய எடையைவிட 120 பவுண்டு கூடுதல் என்று கண்டுபிடித்து, கடைசியில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுக்குள்ளிருந்து ஹெராயினை எடுப்பார்கள். அந்த மெக்கானிக் நடிகர் இல்லை, காவல்துறையின் நிஜ மெக்கானிக்.

படத்தில் லிங்கன் கார். நிஜ வழக்கில் வந்தது பியூக். கொண்டுவந்தவர் ழாக் ஆன்ஜெல்வன், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தியவர். இதில் பெரிய கூத்து பின்னால் நடந்தது. அந்த வழக்கில் பிடித்த ஹெராயின் நியூயார்க் காவல்துறையின் சொந்தக் கிடங்கிலிருந்தே களவு போனது 1972-ல் தெரியவந்தது. பைகளில் மாவு மாற்றி வைத்திருந்தார்கள். படம் ஆஸ்கர் வாங்கிய அதே வருஷம்.

பகல்காட்சி:
இதை இரண்டாம் பாகமாக எடுத்திருக்க வேண்டும். டாயிலை மார்செய்க்கு அனுப்பியதற்குப் பதில்.

சோடியம்விளக்கு:
எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போய் அட்டையைப் பார்த்தேன், 2012-ல் ‘சிக்னேச்சர் சீரிஸ்’ என்றே இருக்கிறது, மண்டலமும் என் பிளேயருக்குச் சரி. அதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். கலர்பார் சார் சொன்ன கறுப்பு வெள்ளைச் சோதனைக்காக 2009-ம் வேண்டும் போல் இருக்கிறது. தொலைக்காட்சியில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

கலர்பார்:
இரைச்சல் நீக்கம் என்று ஒன்று இருக்கும், அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிரெய்னைத் துடைக்கிறேன் என்று ஹேக்மன் முகத்தை மெழுகாக்கிவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலையில் வைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

மூன்றாம்வரிசை:
இரண்டையும் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவாரா என்று கேளுங்கள். தராவிட்டால் 2012 மட்டும். நானே சொல்கிறேன்.